முதலில் குதிகால்

ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தபோதுதான் அவள் அதை முதன்முதலில் கேட்டாள். கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் குறுகலான நடைவழியில் யாரோ ஒரு காலைத் தூக்கி வைத்தார்கள். ஒரே ஒரு கால். அடுத்த கால் வரவில்லை.

குழாயை மூடினாள். தொட்டியில் தேங்கிய தண்ணீர் கரகரவென்று இறங்கி முடிகிற வரை, ஈரக் கையைத் துடைக்கக்கூட மறந்து, நடைவழிப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சோப்பு வாசனை. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற கிளிக் கிளிக். கீழ்வீட்டில் தையல் மெஷின் ஓடி ஓடி நிற்கிற சத்தம். வேறொன்றுமில்லை. எட்டிப் பார்த்தாள். நடைவழியின் திரை, தொங்குகிற இடத்தில் அப்படியே தொங்கியது.

வேறு யாராவது என்றால் எலி என்றோ, பழைய கட்டடம் என்றோ சொல்லித் தூங்கப் போயிருப்பார்கள். அவளால் முடியவில்லை. அவள் தொழில் அப்படி. விபத்திலும் நோயிலும் காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்துகிற ஆஸ்பத்திரியில், அந்தக் காலை வைத்து நடக்கக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும், வருகிறவருக்கு எந்தக் கால் பொய், எந்தக் கால் மெய், பட்டை தளர்ந்திருக்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதா என்று சொல்லிவிடுவாள். அங்கே எல்லோருக்கும் அவள் ‘நடை டீச்சர்’. இப்போது கேட்ட அடியில் குதிகாலே இல்லை. முன்பாதம் தரையைத் தொட்டு, தயங்கி, பிறகு முழுப்பாதமும் சப்பென்று விழுந்தது. எலிக்கு அந்த மாதிரி பாதம் கிடையாது. நடக்கவே தெரியாத ஒருவர் வைக்கிற அடி அது.

அன்று காலையில்தான் அவள் கணவன் ராணுவப் பயிற்சிக்கு ரயிலேறினான்.

அவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடி வெகு நாளாயிற்று. அதற்குப் பிறகு ஏறாத படியில்லை. வயது வரம்பு தாண்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் இந்த வாய்ப்பு வந்தது. பயிற்சி முடிந்தால் நிரந்தர வேலை, குடும்பத்தோடு இருக்கக் குடியிருப்பு. “போயிட்டு வாங்க, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்” என்று தைரியம் சொன்னவள் அவள்தான். ரயில் ஜன்னலில் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

“நடை டீச்சரோட புருஷனுக்கே அங்க நடக்கக் கத்துக்குடுக்கப் போறாங்களாம். வெளிய சொல்லாத, உன் மானம் போயிடும்.”

“அந்த வலது காலையாவது நேராக்கி அனுப்பச் சொல்லுங்க,” என்றாள் அவள்.

சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து முறிந்து, ஒட்டிய கால். நடக்கும்போது பாதம் லேசாக வெளிப்பக்கம் திரும்பும். அடி முடிகிற இடத்தில் ஒரு சின்னத் தட்டல் கூடுதலாகக் கேட்கும். மருத்துவத் தேர்வில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அவள் மட்டும் எத்தனையோ சாயங்காலம் அந்தத் தட்டல் தெருமுனையில் கேட்டதும் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருக்கிறாள். அது கொதிப்பதற்குள் வாசலில் “வந்துட்டேன்” என்று அவன் குரல் கேட்கும்.

வெளியே பூட்டிய வீட்டைத் திறப்பதும், உள்ளே ஆள் இருக்கிற வீட்டைத் தட்டுவதும் ஒன்றல்ல என்பது அடுத்த சில நாட்களில் அவளுக்குப் புரிந்தது. சாவி திரும்புகிற சத்தம் கூடம் முழுக்க ஓடிப் போய், யாரையும் காணாமல் திரும்பி வந்தது. தேயிலையை இரண்டு பேருக்கு அள்ளிப் பழகிய கை நிற்கவில்லை. மிச்சத் தேநீரைத் தொட்டியில் ஊற்றும்போதெல்லாம் ஏதோ தப்பு செய்கிற மாதிரி இருந்தது. குளியலறை விளக்கை வேண்டுமென்றே எரியவிட்டு வைத்தாள். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிற மாதிரி. கட்டில் முழுக்கக் காலியாக இருந்தும் தன் ஓரத்திலேயே ஒடுங்கிப் படுத்தாள்.

அந்தக் கால் மட்டும் தினமும் வந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால், வெளிச்சம் சுவரிலிருந்து கழன்று தரையில் வழிகிற வேளையில், திரைக்கு அந்தப் பக்கம் ஓர் அடி. சில நாள் கழித்து இரண்டு. பிறகு மூன்று அடி, ஒரு தடுமாற்றம், சுவரில் உள்ளங்கை உராய்கிற சத்தம். திரையை விலக்கினால் ஒன்றும் இருக்காது. வெறும் தரை, மூடிய படுக்கையறைக் கதவு, நெடுநாள் திறக்காத பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த மக்கிய வாசனை. திரையை விட்டுவிட்டு நாலடி தள்ளி வந்தால் மறுபடியும் தொடங்கும். பார்த்தால் நின்றுவிடும். கூச்சப்படுகிறவர்களைப் போல.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? மாமியார் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், “அவன் இல்லாம நீ எப்படிம்மா தனியா இருக்க? இங்க வந்துடேன்” என்பாள். ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுப் போக முடியாது. சொன்னால், தனிமையில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மகனுக்குத் தகவல் போகும். அவன் அங்கே நிம்மதியாக இருக்கமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவன் பேச முடியும். அதுவும் வரிசையில் நின்று, பின்னால் இருப்பவன் அவசரப்படுத்த, சில நிமிஷம்.

“சாப்பிட்டியா?” என்பான் முதலில்.

“ம். நீங்க?”

“இங்க தட்டுல விழுறதெல்லாம் சாப்பாடுதான். கேள்வி கேக்கக்கூடாது.” சிரிப்பான். “பரேடுல என் கால் மட்டும் தனியா சத்தம் போடுதாம். சார்ஜண்ட் கண்டுபிடிச்சிட்டான். ‘யாருடா அது, ஒரு அடிக்கு ஒண்ணரை அடி வைக்கிறது’ன்னு மைதானத்தையே நிறுத்திட்டான்.”

அவளும் சிரித்தாள். வைத்த பிறகு தொலைபேசி கொஞ்ச நேரம் கையில் சூடாக இருந்தது. அந்தச் சூடு ஆறுகிற வரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அப்போது புதிதாக ஒரு பேருந்து கண்டக்டர் வந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். இடுப்புயர இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நின்று வியர்த்துக் கொட்டும்போதும் வாய் ஓயாது.

“ஓடுற பஸ்ஸுல பிடி இல்லாம நின்னவன் டீச்சர் நான். நிக்கிற தரையில நிக்க முடியல பாருங்க.”

“குதிகால் முதல்ல வைங்க. அப்புறம் பாதத்தை உருட்டுங்க. கண்ணாடியைப் பாருங்க, தரையைப் பாக்காதீங்க.”

அவர் வைத்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்கட்டுமா? போன காலு இன்னும் அரிக்குது. சில நாள் வலிக்குது. அதுகூடப் பரவாயில்ல. நேத்து, அது நடக்குற மாதிரி இருந்துச்சு. நான் படுத்திருக்கேன். அது எங்கயோ போய்க்கிட்டிருக்கு. யாரோ மாட்டிக்கிட்டுப் போற மாதிரி.”

“எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் அண்ணே. மூளை செய்ற வேலை. கொஞ்ச நாள்ல போயிடும்,” என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அது விழுந்தது.

சோற்றை வடித்துவிட்டுத் திரும்பினாள். திரைக்கு அந்தப் பக்கம் நாலைந்து அடி வேகமாக, அளவு மீறி, ஒன்றின் மேல் ஒன்றாக வந்து, பிறகு ஓர் உடம்பு மொத்தமாகத் தரையில் சாய்கிற சத்தம். தரை அதிர்ந்தது. அடுக்கில் கரண்டி ஆடியது. அதற்குப் பிறகு நிசப்தம். ஓடிப்போகத்தான் நினைத்தாள். கால் எழவில்லை. அந்த நிசப்தம் அவளுக்குப் பழக்கமான நிசப்தம். முதல் முறை விழுந்தவர்கள், வலியைவிட அவமானத்தில், யாராவது ஏதாவது சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கிற நேரம் அது. எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி நாக்கில் தேய்ந்துபோன வார்த்தைகள் தாமாகவே வந்தன.

“பரவாயில்ல. விழாம யாரும் கத்துக்கறதில்ல. எந்திரிங்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. 

திரைக்கு அந்தப் பக்கம் துணி தரையில் உரசியது. முழங்கால். உள்ளங்கை. மெல்ல, சுவரைப் பற்றி, அது எழுந்து நின்றது. நின்று காத்திருந்தது.

“குதிகால் முதல்ல,” என்றாள் மெதுவாக.

குதிகால் விழுந்தது.

அந்த இரவு, பல நாட்களுக்குப் பிறகு, அவள் தூங்கினாள். காலையில் எழுந்தபோதுதான் அதற்காக வெட்கப்பட்டாள்.

அடுத்து வந்த வாரங்களை அவள் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் வேலை முடிந்ததும், முன்பெல்லாம் வீட்டுக்குப் போக மனமில்லாமல் கடைத்தெருவில் சுற்றுகிறவள், நேரே பேருந்து பிடித்தாள். கதவைத் திறந்து, திரைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். “இடுப்பைத் தூக்காதீங்க.” “அவசரப்பட வேண்டாம், யாரும் துரத்தல.” “இப்பத் திரும்புங்க, கால் பின்னிக்காம.” சொன்னதை அது செய்தது. ஒருமுறை சொன்னால் போதும். நடுநடுவே அன்றைய கதையையும் சொன்னாள்: கண்டக்டர் அடித்த ஜோக், பேருந்தில் உட்கார இடம் கிடைக்காதது, தொலைபேசியில் அவன் சொன்னது. அது நின்று கேட்டது. அந்த வீட்டில் அவள் பேச்சை நின்று கேட்க வேறு யார் இருந்தார்கள்? எரியவிட்டு வைத்திருந்த குளியலறை விளக்கை ஒருநாள் அணைத்தாள். அதற்குப் பிறகு அது தேவைப்படவில்லை.

கீழ்வீட்டுத் தையல்கார அக்கா ஒருநாள் படியில் மடக்கினாள்.

“வீட்டுக்காரர் வந்துட்டாரா? சொல்லவே இல்லையே.”

“ஏன்க்கா கேக்குறீங்க?”

“மேல நடக்குற சத்தம் கேக்குதே. பகல்லயும் கேக்குது, நீ வேலைக்குப் போன பின்னாடி. அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருக்காரு. பாவம், லீவுல வந்த மனுஷனுக்கு வீட்டுக்குள்ளயே பரேடா?”

அக்கா சிரித்தாள். அவள் மேலே தன் வீட்டுக் கதவை நிமிர்ந்து பார்த்தாள். தானில்லாத நேரத்திலும் அது நடக்கிறது. ஒத்திகை பார்க்கிறது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், ஏனென்று தெரியாமல், “ஆமாக்கா” என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

அந்த ஞாயிறு அவன் குரலில் சிரிப்பு குறைந்திருந்தது.

“கால் தடுக்குது. சமதரைதான், தடுக்குது. நேத்து அணிவகுப்புல முன்னால இருந்தவன் மேலயே விழுந்துட்டேன். சார்ஜண்ட் கேக்குறான், ‘உங்கம்மா உனக்கு நடக்கக் கத்துக்குடுக்கலையாடா’ன்னு.”

“பூட்ஸ் கடிக்குதா?”

“தெரியல. கடிச்சாக்கூடத் தெரியல. பாதம் இருக்கறதே சில நேரம் தெரியல.” பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள். “குதிகால் எங்க வைக்கணும்னே மறந்துபோகுது. நீ சிரிக்காத. நிஜமாத்தான். யோசிச்சு யோசிச்சு வைக்க வேண்டியிருக்கு.”

அவள் சிரிக்கவில்லை.

தொலைபேசியை வைத்தபோது வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நடைவழியில் அடிகள் தொடங்கின. சீரான, நிதானமான அடிகள். குதிகால், பாதம், விரல். குதிகால், பாதம், விரல். தரமான நடை, பாடம் முடிந்தவர்களின் நடை. அவள் நாற்காலியில் உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் நின்றாள். அடிகள் படுக்கையறை வரை போயின, திரும்பின. திரும்பி வரும்போது வலது அடியின் முடிவில் சின்னதாக ஒரு தட்டல் கூடுதலாகக் கேட்டது.

அதை அவள் கற்றுக்கொடுக்கவில்லை.

தெருமுனையில் கேட்கிற தட்டல். தேநீருக்குத் தண்ணீர் வைக்கச் சொல்கிற தட்டல். உடம்பு மொத்தமும் அதை நம்பிக் கதவுப்பக்கம் திரும்பிய அந்த நொடிக்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகம் புதைத்து அழுதாள். ‘நிறுத்து’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருட்டுகிற வரை உட்கார்ந்து அவனுடைய நடையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தனை ஏக்கம்.

மறுநாள் சொன்னாள். “போதும். இனிமே நடக்க வேண்டாம்.”

அடிகள் நிற்கவில்லை.

“நில்லுங்க. நான்தான் சொல்றேன்.”

போய், திரும்பி, தட்டி, போய்.

வானொலியைச் சத்தமாக வைத்தாள். பாட்டுக்கு அடியில், பாட்டின் தாளத்துக்குச் சேராமல், அது கேட்டது. காதில் பஞ்சு வைத்தாள். தரை வழியாக உள்ளங்காலில் கேட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இரவுப்பணி கேட்டு வாங்கித் தங்கினாள். திரும்பி வந்தபோது, சாவியைத் துளையில் நுழைக்குமுன், கதவுக்கு உள்ளே மிக அருகில், அடிகள் வந்து நின்றன. வீட்டுக்கு வருகிறவளுக்குக் கதவு திறக்க வந்து நிற்கிற மாதிரி. அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் தையல் மெஷின் ஓடி ஓடி நின்றது.

அடுத்த ஞாயிறு அவன் பேசவில்லை. அதற்கடுத்த வாரத்தின் நடுவில் ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பயிற்சி முகாமின் மருத்துவப் பிரிவிலிருந்து பேசினார்கள். மரியாதையான குரல்.

“பயப்படற மாதிரி எதுவும் தெரியலைங்க. எலும்பு நல்லா இருக்கு, நரம்பு நல்லா இருக்கு. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. ஆனா அவரால நிக்க முடியல. வீட்டுக்கு அனுப்புறோம்.”

இரண்டு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். ஒட்ட வெட்டிய தலை, வெயிலில் கறுத்த கழுத்து, அதற்கு மேலே அதே சிரிப்பு; அது மட்டும் இளைத்திருந்தது. “நல்ல சிப்பாயா அனுப்புனே, மூட்டையாத் திரும்பி வந்திருக்கேன் பாரு,” என்றான். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கேட்டு வாங்கி வைத்திருந்த சக்கர நாற்காலியில் அவனை உட்காரவைத்தார்கள். அவள் அதை ஜன்னலோரம் தள்ளி, அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நடைவழியைப் பார்த்தாள். திரை அசையவில்லை.

அன்றும் மறுநாளும் எந்தச் சத்தமும் இல்லை. வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. படுக்கையறைக்குப் போக வேண்டாம், கூடத்திலேயே காற்று வருகிறது என்று சொல்லி அவனுக்கு அங்கேயே படுக்கை போட்டாள். மாமியார் வந்து அழுதுவிட்டு, சாமான் எடுத்து வருகிறேன் என்று போனாள். அவள் லீவு போட்டாள். காலையும் மாலையும் அவன் முன்னால் மண்டியிட்டு, கணுக்காலைப் பிடித்து, தான் உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். தூக்கி நிறுத்தினால் முன்பாதம் தொட்டது, தயங்கியது, பிறகு முழுப்பாதமும் சப்பென்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் பல்லைக் கடித்தாள்.

“உன் முகம் ஏன் இப்படி இருக்கு? எனக்குச் சரியாயிடும்,” என்றான். அவளுக்கு அவன் தைரியம் சொன்னான்.

அவள் குனிந்து அவன் பாதத்தை மறுபடியும் நேராக வைத்தாள். எதைச் சொல்வது?

மூன்றாம் நாள் காலை தண்ணீர் கேட்டான். “தண்ணி” என்பது வாயில் குழைந்து “தன்னி” என்று வந்தது. அவனே சிரித்தான். “நாக்கு மரத்துப்போச்சு. டீ சூடா இருந்துச்சுல்ல.” டீ ஆறியிருந்தது அவளுக்குத் தெரியும். மத்தியானம் அவன் குறைவாகவே பேசினான். அவன் கண்ணயர்ந்த நேரம் அவள் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். நடைவழியில் ஏதோ முனகியது. மூச்சு மாதிரி. மூச்சைத் தொண்டையில் தட்டிப் பார்க்கிற மாதிரி. அவள் கரண்டியை விட்டாள். நின்றுவிட்டது.

சாயங்காலமே இங்கிருந்து போய்விட வேண்டும் என்று முடிவு செய்தாள். அக்காவின் மகனைக் கூப்பிட்டால் நாற்காலியை இறக்கலாம். மாமியார் வீட்டுக்குப் போய்விடலாம். அக்கா கடைக்குப் போயிருந்தாள். வந்ததும் குரல் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள்.

காத்திருக்கிற நேரத்தில் அவன் காலைப் பிடித்துவிட்டாள். மழை வருவதற்கு முந்தைய புழுக்கம். தையல் மெஷின் சத்தம் இல்லாத கீழ்வீடு. சுவரிலிருந்து வெளிச்சம் கழன்று தரையில் வழிந்துகொண்டிருந்தது. மடியில் அவன் பாதம். பழக்கத்தில், அவனுக்காகத்தான், மெல்லச் சொன்னாள்.

“குதிகால் முதல்ல.”

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு குதிகால் விழுந்தது.

அவன் நிமிர்ந்தான். “உள்ள... யாரு?”

குதிகால், பாதம், விரல். குதிகால், பாதம், விரல், தட்டல்.

அவன் முகத்தில் முதலில் குழப்பம். பிறகு, மெல்ல, அடையாளம். கூட்டத்தில் தன் பெயரை யாரோ சொல்லக் கேட்டவனின் முகம். “அது என்... என்னோ...” நாக்கு புரளவில்லை. கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அவள் திரும்பினாள்.

நடைவழித் திரை தரைக்கு ஒரு சாண் மேலேயே முடிந்துவிடும். அந்தச் சாண் இடைவெளியில் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. வெறும் பாதங்கள். வலது, லேசாக வெளிப்பக்கம் திரும்பி. அவளுக்குத் தெரிந்த பாதங்கள். அதே விரல்கள். அதே நகம். வெயிலே படாத வெளுப்பு.

மடியில் இருந்த கால் சில்லென்று ஆனது. கட்டை மாதிரி கனத்தது.

திரை, வாய் இருக்க வேண்டிய உயரத்தில், உள்ளே இழுபட்டது. வெளியே வீங்கியது.

“வ...”

நின்றது. நாக்கை எங்கே வைப்பது என்று தேடியது.

“வத்... துத்தேன்.”

அவன் வாயைத் திறந்தான். வேண்டாம் என்று சொல்ல வந்தான். “வே” என்று பாதி வந்தது. பிறகு உதடுகள் மட்டும் அசைந்தன. மூடின. திறந்தன. ஒன்றும் வரவில்லை. கண் மட்டும் அவளையே பார்த்தது.

“வத்துத்தேன்.”

தப்பு. சொல்லிவிட்டுக் காத்திருந்தது. விழுந்த பிறகு காத்திருக்குமே, அப்படி. அவள் சொல்வதற்காக.

எங்கே தப்பு என்று அவளுக்குத் தெரியும். சரியான சொல் தானாகவே தொண்டை வரை ஏறி வந்தது. நாக்கு அதற்காக எழும்பியது. அவன் காலை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கால் தொப்பென்று தரையில் விழுந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

திரைக்குக் கீழே பாதங்கள் அவள் பக்கம் திரும்பின.

அவள் அழுத்திப் பொத்தினாள். பல் உதட்டில் இறங்கியது. மூச்சுகூட விடவில்லை.

“வந்... துத்தேன்,” என்றது.

இந்த முறை கொஞ்சம் தேவலை.